வலியில்லாத பாதப் புண்: தந்தையை நாளையே அழைத்துச் செல்லுங்கள்

மண்டபம் கடற்கரையில் கரைவலை இழுக்கும் உங்கள் தந்தைக்குச் சிப்பி கிழித்த முன்பாதப் புண் ஐந்து வாரமாகியும் ஆறவில்லை, வலியும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீரிழிவு உள்ளவருக்கு அந்த வலியின்மையே என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. நரம்பு மரத்துப்போன பாதத்தில் ஒவ்வோர் அடியும் புண்ணை மறுபடி நசுக்குவதால், களிம்பை மாற்றுவதைவிட அந்த இடத்தின் மேல் விழும் பாரத்தை நீக்குவதே முதன்மையானது. நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதலும், இத்தகைய உள்ளங்கால் புண்ணுக்கு, முழங்கால்வரை நீளும், நோயாளி தாமாகக் கழற்ற முடியாத, பாரம் நீக்கும் மாவுக்கட்டு போன்ற சாதனத்தையே முதல் தேர்வாகச் சொல்கிறது. வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளரின், இதேபோல் மரத்துப்போன பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்ட அனுபவமும் இதன் பின்னணியில் உண்டு. ஆனால் கட்டுப் போடுமுன் காலின் இரத்த ஓட்டத்தையும், எலும்புவரை தொற்று இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஆகவே நாளையே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலோ, பரவும் சிவப்போ, துர்நாற்றமோ தெரிந்தால் இன்றிரவே. அதுவரை ஐயா கடல்நீரில் இறங்கவோ, சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கவோ வேண்டாம்.