ஒட்டினால் போதாது, தள்ளவும் வேண்டும்: காந்தம் வாங்குவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு, வீட்டில் சோதனை செய்து பார்க்க ஒரு காந்தம் வாங்க வேண்டும். சட்டக் காந்தம், கறுப்பு வளையம், பளபளக்கும் சின்ன வில்லை என்று பல வகை இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: ஒன்று வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். ஒரே காந்தம் என்றால் ஆணி ஒட்டுகிறது, குண்டூசி ஒட்டுகிறது என்பதோடு விளையாட்டு முடிந்துவிடும். இரண்டு இருந்தால்தான் ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் கை உணரும். காந்தத்துக்கு அந்தத் தள்ளல்தான் அத்தாட்சி. காந்தம் இரும்பையும் இழுக்கும், இன்னொரு காந்தத்தையும் இழுக்கும். ஆனால் இரும்பைத் தள்ளாது. ஜோடியாக வந்த காந்தங்களை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் அதில் ஒன்று வெறும் இரும்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிச் சோதனைக்கு விற்கும் சட்டக் காந்தங்களில் பல அல்நிகோ வகை. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகம் அது. துருவங்கள் இரண்டு முனைகளில் இருப்பதால், மேலே தாளை விரித்து இரும்புத் துகள் தூவினால் கோடுகள் அழகாக விழும். கறுப்பு வளையம் ஃபெரைட். துருப்பிடிக்காது, எளிதில் வலிமை குறையாது, ஆனால் கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். இதில் துருவங்கள் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் இருக்கும்.

ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒத்த முகங்கள் எதிரெதிரே வரும்படி மூன்று வளையங்களைக் கோத்துப் பாருங்கள். மேல் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். விரலால் அழுத்தி விட்டால் ஸ்பிரிங் போலத் துள்ளும். கீழ் இடைவெளி மட்டும் மேல் இடைவெளியைவிடக் குறுகலாக இருக்கும். ஏன் என்று மகளிடமே கேளுங்கள். நடு வளையம் தன் எடையோடு மேல் வளையத்தின் எடையையும் சேர்த்துச் சுமக்கிறது என்று அவளே கண்டுபிடிப்பாள்.

பளபளக்கும் வில்லை நியோடிமியம். அதில் என்35, என்52 என்று போட்டிருப்பது தரக்குறியீடு, எண் கூடினால் வலிமை கூடும். இந்தச் சோதனைகளுக்கு அவ்வளவு வலிமை தேவையே இல்லை. பெரிய துண்டுகள் இரண்டு பாய்ந்து ஒட்டும்போது விரல் நசுங்கும், சில்லு கண்ணில் தெறிக்கும். இரண்டு சட்டக் காந்தம், மூன்று வளையம். என்னைக் கேட்டால் இது போதும்.

கேள்வி: மணி மணியாக இருக்கும் காந்த உருண்டைகளைப் பையன் கேட்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கெஞ்சியே கேட்கிறேன், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். ஒரு கோலியை விழுங்கினால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். காந்த உருண்டை இரண்டு உள்ளே போனால் கதை வேறு. குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரை நசுக்கும். ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் ஓட்டையாகிவிடும். முதலில் சாதாரண வயிற்றுவலி மாதிரிதான் தெரியும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: போன வருடம் வாங்கிய சட்டக் காந்தம் இப்போது ஊசியைக்கூடத் தூக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாந்திருக்க மாட்டீர்கள், வைத்திருந்த விதம்தான் காரணமாக இருக்கும். காந்தத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு காந்தப் பகுதிகள் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. கீழே போட்டாலோ, சூடாக்கினாலோ, ஒத்த துருவங்களைச் சேர்த்து அடைத்து வைத்தாலோ அந்த ஒழுங்கு கலைகிறது. அப்புறம் இழுப்பு குறையும்.

அது வந்த பெட்டியில் சின்ன இரும்புத் துண்டு இரண்டு இருந்ததா? பலரும் அதைக் குப்பை என்று வீசிவிடுகிறார்கள். அது தேனிரும்பு, எடுத்து வைக்கும்போது காந்தத்தின் வலிமை குறையாமல் காக்கத் தருவது. எதிர்த் துருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி காந்தங்களை வைத்து, நடுவே மரத்துண்டு கொடுத்து, இரு முனைகளிலும் இந்தத் துண்டுகளை ஒட்டி மூட வேண்டும். இழந்த வலிமையை ஓரளவு மீட்கலாம். வலிமையான காந்தத்தின் ஒரு துருவத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் தூக்கி மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வட துருவத்தால் தேய்த்தால், தேய்த்து முடிக்கும் முனை தென் துருவமாகும். அதனால் எந்தத் துருவத்தால், எந்தப் பக்கம் தேய்ப்பது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காந்தம் ஒட்டாவிட்டால்தான் அசல் எவர்சில்வர் என்கிறார்களே?

பதில்: பாதிதான் சரி. 304 வகையில் நிக்கல் கலந்திருப்பதால் பொதுவாக ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 வகையில் நன்றாக ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கு என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். பித்தளை என்று சொல்லித் தருவதில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. தங்கத்துக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள், செம்பும் வெள்ளியும்கூட ஒட்டாது.

கேள்வி: மூட்டுவலிக்குக் காந்த வளையல்?

பதில்: பணத்தை வீணாக்காதீர்கள். அது வலியைக் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ரத்தத்தில் இரும்பு இருந்தாலும், அது ஆணி ஒட்டுவது போலக் காந்தத்தில் ஒட்டும் இரும்பு அல்ல.

கேள்வி: ஃபிரிட்ஜில் ஒட்டும் படக் காந்தம் பின்பக்கம் மட்டுமே ஒட்டுகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். தகடு போல வளையும் காந்தங்களில் வட துருவமும் தென் துருவமும் மெல்லிய வரிகளாக மாறி மாறி இருக்கும். இழுப்பு முழுக்கப் பின்பக்கம் குவியும்படி அதைக் காந்தமாக்குகிறார்கள். அதே மாதிரி இன்னொன்று இருந்தால், இரண்டின் பின்பக்கங்களையும் சேர்த்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே இழுத்தால், சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டுவது போல டக் டக்கென்று தடுக்கும். அந்த ஒவ்வொரு தடுக்கலும் ஒரு வட-தென் துருவ ஜோடி.