வாசகர் கேள்வி – பதில்: அந்துப்பூச்சித் தலையில் எதை அளக்கிறோம்?

கேள்வி: மக்காச்சோளப் படைப்புழுவின் பெண் அந்துப்பூச்சியின் தலையில், ஆணை ஈர்க்கும் வாசனையைச் சுரக்கத் தூண்டும் பிபிஏஎன் என்ற நரம்பு ஹார்மோனின் மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று கியூபிசிஆரில் (மரபணுப் படிகளைப் பெருக்கி அளக்கும் முறை) அளக்கிறேன். எல்லாம் ஒரே வயதுப் பூச்சிகள்தான்; ஆனாலும் அளவு பத்து மடங்கு ஏறி இறங்குகிறது. ஆர்என்ஏவை ஜெல்லில் ஓட்டினால் ஒரே பட்டை. கெட்டுவிட்டதா?
– ஆய்வு மாணவி, ஹெப்பால், பெங்களூரு

பதில்: ஒற்றைப் பட்டைக்குப் பயப்பட வேண்டாம். பல பூச்சிகளில் 28எஸ் ஆர்ஆர்என்ஏவின் (ரைபோசோமின் பெரிய ஆர்என்ஏ) நடுவில் இயல்பாகவே ஒரு வெட்டு உண்டு. 70 டிகிரியில் சூடாக்கியதும் இரண்டாகப் பிரிந்து, சிறியதான 18எஸ் ஆர்ஆர்என்ஏ பக்கத்தில் வந்து நிற்கும். தரம் பார்க்கும் கருவியும் இதனால் குறைந்த மதிப்பெண்தான் போடும். ஒருமுறை சூடாக்காமல் ஓட்டிப் பாருங்கள். பட்டைக்குக் கீழே புகையாக இழுபட்டிருந்தால்தான் ஆர்என்ஏ கெட்டது.

ஏற்ற இறக்கத்துக்கு என் முதல் சந்தேகம் இடுக்கியின் மேல். இந்த மரபணு முக்கியமாக இயங்குவது உணவுக்குழலுக்கு அடியிலுள்ள நரம்பு முடிச்சில். மூளையை மட்டும் பிடித்துத் தூக்கினால் முடிச்சு கிழிந்து பாதி கழுத்திலேயே தங்கிவிடும். குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் தலையைத் திறந்து, உணவுக்குழலை முன்னும் பின்னும் வெட்டி, மூளையும் முடிச்சும் சேர்ந்து வரும்படி எடுத்து உடனே ஆர்என்ஏ பிரிக்கும் டிரைசால் கரைசலில் போடுங்கள். முழுத் தலையை அரைப்பது சுலபம். ஆனால் கண்ணின் நிறமி பிசிஆரைத் தடுக்கும். ஒரு மாதிரிக்கு 15–20 பூச்சி, அப்படி 4 தனித்தனித் தொகுதிகள் வேண்டும். ஒரே சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ படி) மூன்று குழிகளில் ஊற்றினால் தெரிவது உங்கள் பிப்பெட்டின் தரம் மட்டுமே.

அடுத்து, நேரம். பெண் பூச்சி இந்த வாசனையைச் சுரப்பது இரவில். ஒரு தொகுதியைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் அறுத்தால் ஒப்பிடவே முடியாது. விளக்கணைந்து எத்தனையாவது மணி என்று நிலையாக வைத்து, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் அறுங்கள். இணை சேர்ந்த பூச்சியையும் சேராததையும் கலக்காதீர்கள்.

கலந்துவிட்ட டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்ட பிறகும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை சிடிஎன்ஏ ஆக்கும் நொதி) சேர்க்காத குழி மாதிரியைவிட 7 சுழற்சியாவது பிந்த வேண்டும். பிரைமரின் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) திறன் 90–110 சதவீதம் இருக்க வேண்டும். ஒப்பீட்டு மரபணு (அளவு மாறாதது) குறைந்தது இரண்டு.

முடிவை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. 33 அமினோ அமிலம் கொண்ட பிபிஏஎன், டயபாஸ் (வளர்ச்சி உறக்க) ஹார்மோனோடும் வேறு மூன்று பெப்டைடுகளோடும் (சிறு புரதத் துண்டுகள்) ஒரே முன்புரதத்திலிருந்து வெட்டப்படுகிறது. வெளியேறும் வரை நரம்பணுவின் பைகளில் சேமித்தும் வைக்கப்படுகிறது. ஆகவே மரபணுவின் படியான எம்ஆர்என்ஏ கூடியதாலேயே ஹார்மோன் கூடியது என்று எழுதிவிட முடியாது. வாசனை கூடியது என்று சொல்ல வேண்டுமானால் வாசனைச் சுரப்பியை ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து, பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராபியில் பாருங்கள்.

கேள்வி: பிபிஏஎன் என்ற இந்த நரம்புப் பெப்டைடையே மருந்தாகத் தெளித்தால் மாடித்தோட்டத் தக்காளியில் காய்ப்புழு ஒழியுமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஒழியாது. பெப்டைடு பூச்சியின் தோலைத் தாண்டுவது கடினம். தின்றாலும் குடலின் நொதிகள் உடைத்துவிடும். உடையாத போலி மூலக்கூறுகளைத் தேடுவது இதனால்தான். இப்போதைக்கு காய்ப்புழுவுக்கென்றே உள்ள இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, 3–4 வாரத்துக்கு ஒருமுறை அதிலுள்ள லூரை (பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய துண்டு) மாற்றுங்கள். அதில் விழுவது ஆண் மட்டுமே. வெளியே இணை சேர்ந்துவிட்டு வரும் பெண் முட்டையிடத்தான் செய்யும். பொறியில் பூச்சி விழத் தொடங்கியதும் நுனி இலைகளையும் பூங்கொத்துகளையும் தினமும் பார்த்து முட்டைகளை நசுக்குங்கள். புழு காய்க்குள் புகுந்த பிறகு எந்தத் தெளிப்பும் எட்டாது.