நூறு டாலர் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் போல்டர் நகரத்தில் இரண்டாம் வருடம் இன்ஜினீயரிங் படிக்கிறான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஃபுட்பால் மேட்ச் முடிந்த ராத்திரி, காலேஜை ஒட்டி ‘ஹில்’ என்று சொல்லும் பகுதியில் நண்பர்கள் வீட்டு வாசலில் பீர் கேனோடு நின்றிருக்கிறான். போலீஸ் வந்து வயதைக் கேட்டு, சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கைது செய்யவில்லை. சில வாரம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னான். “நூறு டாலர் அபராதம் கட்டினால் முடிந்தது” என்கிறான். டல்லாஸில் இருக்கும் என் மச்சானோ, “விசா போச்சு, டிசம்பரில் ஊருக்கு வந்தால் திரும்ப விடமாட்டான்” என்கிறார். யார் சொல்வது சரி? இதற்கு வக்கீல் வைக்க வேண்டுமா? – ஒரு தந்தை, சேலம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. மகன் விஷயத்தைச் சிறிதாக்கிச் சொல்கிறார், மச்சான் பெரிதாக்கிச் சொல்கிறார். அபராதத் தொகை மட்டும் மகன் சொன்னபடிதான்.

கொலராடோவில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர் மதுவைக் குடிப்பதும் குற்றம், கையில் வைத்திருப்பதும் குற்றம். மாநிலச் சட்டத்தில் இது 18-13-122 என்ற பிரிவில் வருகிறது. முதல் தடவை என்றால் அதிகபட்சம் 100 டாலர் அபராதம், அல்லது மது பற்றிய ஒரு வகுப்பு, அல்லது இரண்டும். ஜெயில் கிடையாது. போதையே ஏறவில்லை, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. கேன் கையில் இருந்தால் போதும். தனியார் வீட்டில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு, பெற்றோரும் கூடவே இருந்து சம்மதித்தால் விலக்கு உண்டு. நீங்கள் சேலத்தில் இருந்ததால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

“அமெரிக்காவில் இவ்வளவு கெடுபிடியா?” என்று நம் ஊரில் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். தமிழ்நாட்டிலும் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21தான். டாஸ்மாக் கவுன்ட்டரில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதால் அது நமக்கு மறந்துபோயிற்று. அங்கே கேட்பார்கள்.

அதிலும் போல்டருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிக் கதை உண்டு. உங்கள் ஏற்காட்டைவிடச் சற்று உயரத்தில், ராக்கி மலையடிவாரத்தில், சுமார் 1,650 மீட்டரில் இருக்கும் ஊர் அது. 1907இல் ஊர்மக்களே ஓட்டுப் போட்டு மதுக்கடைகளை மூடினார்கள். நாடு முழுக்க இருந்த மதுவிலக்கு 1933இல் போன பிறகும் போல்டர் அசையவில்லை. 1967 வரை அது மதுவிலக்கு ஊர்தான். இடைப்பட்ட காலத்தில் 3.2 சதவீத ஆல்கஹால் உள்ள லேசான பீருக்கு மட்டும் அனுமதி இருந்தது. 18 வயதானவர்கள் அதைக் குடிக்கலாம். மாணவர் கூட்டம் ஹில் பகுதியில் சேரும் பழக்கம் அந்த 3.2 பீர்க் கடைகளோடு வளர்ந்ததுதான். மது வயதை 21க்குக் குறைவாக வைத்திருக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் வெட்டு என்று 1984இல் மத்திய அரசு சட்டம் போட்டது. அதையடுத்து 1987இல் கொலராடோவும் அந்த 18ஐ 21 ஆக்கியது. வயது வரம்பு மாறியது, ஹில்லின் சனிக்கிழமை மாறவில்லை. இருபது வயதுக் கூட்டம் அதே வாசல்களில் நிற்கிறது, போலீஸ் அதே தெருக்களில் நடக்கிறது.

2004 செப்டம்பரில் கொலராடோவில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு கல்லூரி மாணவர்கள் அளவுமீறிக் குடித்து இறந்தார்கள். அதில் ஒருவர் போல்டரில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத 18 வயதுப் பையன். மாணவர் சங்கம் ஒன்றில் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நடத்திய குடிச் சடங்கில் போன உயிர் அது. மலை உயரத்தில் போதை சீக்கிரம் ஏறும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். உடம்புக்கு அது எப்படியோ, கோர்ட்டில் அதை வாதமாக வைக்க முடியாது.

இனி உங்கள் மகனின் சீட்டுக்கு வருவோம். சீட்டில் இரண்டு விஷயங்களை அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, எந்தக் கோர்ட், எந்தத் தேதி. நகரப் போலீஸ் எழுதிய சீட்டு பெரும்பாலும் போல்டர் நகர நீதிமன்றத்துக்குப் போகும், பல்கலைக்கழகப் போலீஸ் எழுதியது கவுன்ட்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தத் தேதியைத் தவறவிட்டால் வாரன்ட் வரும். நூறு டாலர் விஷயம் கைது விஷயமாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு அலட்சியத்தால்தான்.

இரண்டாவது, என்ன குற்றம் என்று எழுதியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத கண்ணி இதில் இருக்கிறது. 18-13-122 என்ற அதே பிரிவுக்குள் மதுவோடு கஞ்சாவும், கஞ்சா பிடிக்கும் சாதனமும் சேர்ந்தே வருகின்றன. கொலராடோவில் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா விற்பனை 2014இலிருந்து சட்டப்படியானது. ஆனால் குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது, மத்திய அரசுக்குக் கஞ்சா இன்றும் தடை செய்த பொருள். பீர் கேன் வழக்கு ஒரு வெளிநாட்டு மாணவரைத் தானாக நாட்டைவிட்டு வெளியேற்றாது. கஞ்சா வழக்கு, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அடுத்த தடவை உள்ளே வருவதற்கே தடையாகலாம். எனவே சீட்டிலும், பிறகு வரும் தீர்ப்பு நகலிலும் பிரிவு எண் மட்டும் இருந்தால் போதாது. ‘மது’ என்று தெளிவாக இருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒரு தூதரக அதிகாரி எண்ணை மட்டும் பார்த்து, “இது என்ன, போதைப்பொருளா?” என்று கேட்க இடம் வைக்கக் கூடாது.

போலி ஐடி ஏதாவது இருந்ததா என்பதையும் அவரிடம் தனியாகக் கேளுங்கள். திட்டுகிற குரலில் கேட்டால் உண்மை வராது. சீட்டில் அதற்கென்று இன்னொரு வரி இருந்தால், நான் இங்கே சொல்லும் எதையும் பின்பற்றாமல் நேராக வக்கீலிடம் போக வேண்டும். வயதுக்கு முன் குடிப்பதைக் குடியேற்றச் சட்டம் ஒழுக்கக்கேடான குற்றமாகப் பார்ப்பதில்லை. போலி ஆவணம் காட்டி ஏமாற்றினார் என்பது அந்தப் பட்டியலில் விழக்கூடியது.

நூறு டாலரை உடனே கட்டிவிடலாமே என்ற கேள்விக்கு: கட்டக் கூடாது, இப்போதைக்கு. அபராதம் கட்டுவது என்றால் கரன்ட் பில் கட்டுவது போல நினைக்கிறார்கள். கட்டிய நிமிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும், அது ஒரு தண்டனைத் தீர்ப்பு. முதல் தடவை மாட்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழிகள் உண்டு. வழக்கைத் தள்ளி வைத்து, வகுப்பை முடித்தால் தள்ளுபடி செய்யும் முறை இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நகர நீதிமன்றம் மாணவர்களை அனுப்பும், பாதிப்பைப் பேசிச் சரிசெய்யும் சமரச நீதி முறையும் இருக்கிறது.

இதில்தான் நம் பிள்ளைகளுக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் வழி பிரிகிறது. ஒரு அமெரிக்க மாணவர் ‘கில்டி’ என்று ஒப்புக்கொண்டு, வகுப்பு முடித்து, வழக்கு தள்ளுபடியாகி, ஆவணத்தைப் பிறர் பார்க்க முடியாதபடி முத்திரையிட்டு மூடியும் விட்டால் அதோடு மறந்துவிடலாம். குடியேற்றச் சட்டத்தில் ‘தண்டனை’ என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு நிபந்தனையோ தண்டனையோ விதித்திருந்தால் போதும், மாநில நீதிமன்றம் பிறகு தள்ளுபடி செய்தாலும் மத்திய அரசின் கண்ணில் அது தண்டனைதான். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே வழக்கைத் தீர்ப்புக்குப் போகவிடாமல் வகுப்பு போன்ற வேறு வழிக்குத் திருப்பும் ஏற்பாடு (டைவர்ஷன்) கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அப்படி முடிந்தால் எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. இந்த ஒரு கேள்வியை அரசு வக்கீலிடம் சரியாகக் கேட்கத்தான் உங்களுக்கு வக்கீல் வேண்டும். பெரிய தொகை ஆகாது. பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கான சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கட்டும். போகும்போது “நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன்” என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் உள்ளூர்ப் பையனுக்குச் சொல்லும் யோசனையையே சொல்வார்கள்.

சேலத்திலிருந்து யாரையாவது பிடித்து, அங்கே யாருக்காவது போன் போட்டு முடிக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கும் தந்தைகள் நிறையப் பேர் என்பதால் சொல்லி வைக்கிறேன்: அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மச்சான் சொன்ன பயம் முழுக்க ஆதாரமில்லாதது அல்ல, இரண்டு வேறு விஷயங்கள் அதில் கலந்துவிட்டன. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், கோர்ட் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்காமல் தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். 2015இலிருந்து வெளியுறவுத்துறையின் வழக்கம் அது. விசா ரத்தானாலும் பொதுவாகப் படிப்பைத் தொடரலாம், ஆனால் வெளியே வந்தால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. அவர் கேள்விப்பட்டது அப்படி ஒரு கதையாக இருக்கும். வெறும் கேனோடு நின்றதற்கு அந்த வழக்கம் பொருந்தாது. ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2025 ஏப்ரலில், சின்னச் சின்ன போலீஸ் விவகாரங்களைக் காரணம் காட்டி, தள்ளுபடியான வழக்குகளையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (அவர்களைப் பற்றி அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) அரசு முடித்துவைத்தது. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், மாத இறுதியில் அரசு பின்வாங்கிப் பதிவுகளைத் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் ‘சின்ன விஷயம்தானே’ என்ற பேச்சை நான் இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

வண்டி என்றதும் கார் மட்டும் நினைவுக்கு வரும். போல்டரில் நிறைய மாணவர்கள் சைக்கிளில் போகிறவர்கள். கொலராடோவில் சைக்கிளும் வாகனம்தான், குடித்துவிட்டு மிதித்தாலும் அதே வழக்கு வரும். பெரியவர்களுக்கு ரத்தத்தில் 0.08 சதவீதம் வரம்பு, 0.05 தாண்டினாலே சற்றுச் சிறிய ஒரு வழக்கு உண்டு. 21 வயதுக்குக் கீழே கார் ஓட்டினால் 0.02 போதும், ஒரு பீரே அங்கே கொண்டுபோய்விடலாம். பார்ட்டி முடிந்தால் நடந்து போகச் சொல்லுங்கள்.

கோர்ட்டைவிடக் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. வளாகத்துக்கு வெளியே நடந்ததற்கும் பல்கலைக்கழகம் விசாரிக்கலாம். முதல் தடவைக்குப் பொதுவாக எச்சரிக்கை, வகுப்பு என்று போகும். திரும்பத் திரும்ப மாட்டினால் இடைநீக்கம் வரை போகலாம். இடைநீக்கம் என்றால் முழுநேரப் படிப்பு நின்றது என்று அர்த்தம், எஃப்-1 நிலையும் அதோடு போகும். எனவே கல்லூரியிலிருந்து வரும் மின்னஞ்சலைத் திறக்காமல் விடக் கூடாது. 18 வயது ஆனதால் மகனின் பதிவுகளை நீங்கள் கேட்டு வாங்க முடியாது. மது, போதை மீறல்களில் மட்டும், 21 வயதுக்குக் கீழே இருந்தால், கல்லூரி விரும்பினால் பெற்றோருக்குச் சொல்ல மத்தியச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்குக் கடிதம் வரலாம், வராமலும் போகலாம். மகன் தானாகச் சொல்லிவிட்டார். அதற்காகவாவது அவரைக் கொஞ்சம் குறைத்துத் திட்டுங்கள்.

நண்பர்களில் யாராவது மயங்கி விழுந்தால், ‘எனக்கு வயது பத்தாதே’ என்று பயந்து 911ஐ அழைக்காமல் இருக்கக் கூடாது. முதலில் அழைத்துப் பெயர் சொல்லி, உதவி வரும் வரை அங்கேயே நின்று ஒத்துழைத்தால், வயது குறைந்தவராக இருந்தாலும் இந்தப் பிரிவில் அவர்மேல் வழக்கு வராது. மயங்கியவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. இதை அவருக்கு வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிவிடுங்கள்.

டிசம்பர் பயணம்: வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர் அமெரிக்காவை விட்டு வெளியே வர வேண்டாம். டிசம்பருக்கு முன்பே முடிந்துவிட்டால், விசா ஸ்டாம்ப் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். ஆகுமென்றால் புதிதாகத் தூதரகம் போக வேண்டியதில்லை. கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் செவிஸ் பதிவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வரலாம். ஸ்டாம்ப் முடிந்திருந்தால் இந்த டிசம்பரை விட்டுவிடுவது நல்லது. புது விசாவுக்கு டி.எஸ்-160 படிவம் நிரப்ப வேண்டும், கைது அல்லது தண்டனை உண்டா என்று அது கேட்கும். தண்டனை இருந்தால் ‘ஆம்’தான் பதில். மறைத்தால், நூறு டாலர் குற்றத்துக்கு அல்ல, பொய் சொன்னதற்காக வாழ்நாள் தடை வரலாம். கைதும் இல்லை, தண்டனையும் இல்லை என்று வழக்கு முடிந்தால் எப்படிப் பதில் எழுதுவது என்பதை அந்தத் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு குடியேற்ற வக்கீலிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

வழக்கு முடிந்ததும், ஆவணத்தை மூடி முத்திரையிடுவதற்கு முன்பே, கோர்ட் முத்திரையோடு தீர்ப்பு நகல் சில வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்களிடம் சேலத்தில் இருக்கட்டும். பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பம் ‘சீட்டு எழுதப்பட்டதா’ என்பதையும் சேர்த்தே கேட்கும், அப்போது போல்டர் கோர்ட்டில் பழைய பதிவு கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டிசம்பர் டிக்கெட்டை, கோர்ட் தேதி தள்ளிப்போனாலும் மாற்றிக்கொள்ளும்படியான கட்டணத்தில் போடுங்கள்.