தொண்டை வலிக்குப் பிறகு கண் சிமிட்டல்: ஆன்டிபயாட்டிக் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நான்கு மாதமாக அடிக்கடி கண்ணைச் சிமிட்டுகிறான். இப்போது தொண்டையையும் செருமுகிறான். இது தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப் என்ற தொண்டைக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிரணு) அளவு 400-க்கு மேல் இருக்கிறது. கிருமி மூளையைப் பாதித்துவிட்டது, மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் அர்த்தமில்லாதது அல்ல.

ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்கும்போது உடல் அதற்கு எதிரணுக்களை உருவாக்குகிறது. அந்தக் கிருமியின் சில புரதங்கள் நம் மூளையின் ஆழத்தில், அசைவுகளைச் சீர்செய்யும் பேசல் கேங்லியாவில் உள்ள புரதங்களைப் போலவே இருப்பதால், எதிரணுக்கள் ஆள் மாறித் தாக்கிவிடலாம். ஸ்ட்ரெப்புக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலோடு, கைகால்கள் கட்டுப்பாடின்றித் துள்ளும் சிடன்ஹாம் கோரியா என்ற நோயும் வரும்; அதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. டிக் (உங்கள் மகனின் சிமிட்டல், செருமல் போலத் திரும்பத் திரும்பத் தானாக வரும் அசைவு அல்லது ஒலி) உள்ள சில குழந்தைகளிடமும் இப்படி நடக்குமா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழுவினர் 1998-இல் ஸ்ட்ரெப்புக்குப் பிறகு இப்படிப் பாதிக்கப்பட்ட 50 குழந்தைகளை விவரித்து, இதற்கு பாண்டாஸ் என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து வாதம் ஓயவில்லை. ஐரோப்பாவில் டிக் உள்ள நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், ஸ்ட்ரெப் தொற்றுக்கும் டிக் அதிகமாவதற்கும் தொடர்பு தெரியவில்லை.

சரி, அந்த 400? குழந்தைக்கு அண்மையில் ஸ்ட்ரெப் வந்து போயிருக்கலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. பள்ளிக்குப் போகும் வயதில் இந்த எண் உயர்ந்திருப்பது சாதாரணம். தொற்று போன பிறகும் பல மாதங்கள் இறங்காது. டிக்கும் இதே வயதில்தான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே குழந்தையிடம் அமைவது பெரும்பாலும் தற்செயல்.

எண்ணைவிடத் தொடக்கம் எப்படி இருந்தது என்பதே முக்கியம். பாண்டாஸ் என்று நாங்கள் சந்தேகிக்கும் குழந்தை ஓரிரு நாளில் ஆளே மாறிவிடுவான்: திரும்பத் திரும்பக் கை கழுவுவான், அம்மாவை விட்டு நகர மாட்டான், எழுத்து கிறுக்கலாகும், அடிக்கடி சிறுநீர் கழிப்பான். உங்கள் மகனுக்குச் சிமிட்டலில் தொடங்கி, மெல்ல செருமலுக்கு வந்திருக்கிறது. இது வழக்கமான டிக்கின் நடை. (இப்படிப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் கண் சொட்டு மருந்து போட்டு, அலர்ஜி சிரப்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள் என்று தோன்றும்.)

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நாக்கை வெளியே நீட்டி, அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கோரியா இருந்தால் நாக்கு நிற்காது. உள்ளே வெளியே என்று நழுவும், கைகால்களும் தாறுமாறாகத் துள்ளும். டிக் உள்ள குழந்தையால் நாக்கை நிறுத்த முடியும், சிமிட்டலையும் கொஞ்ச நேரம் அடக்க முடியும். கோரியா என்று சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். நீண்டகால பென்சிலின் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

தொண்டை வலியும் காய்ச்சலும் மறுபடி வந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுத்துச் சோதியுங்கள். ஸ்ட்ரெப் என்று உறுதியானால் ஆன்டிபயாட்டிக்கை முழு நாட்களும் கொடுங்கள். அது தொண்டைக்கான மருந்து. டிக்குக்காக மாதக்கணக்கில் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமியும்தான் மிச்சம். டான்சிலை எடுப்பதும் டிக்குக்கான வைத்தியம் அல்ல.

“சிமிட்டாதே” என்று மட்டும் சொல்லாதீர்கள், கூடிவிடும். அவன் சங்கடப்பட்டாலோ கழுத்து வலித்தாலோ, டிக் வரும் முன் எழும் உந்துதலை உணர்ந்து அதற்குப் பதில் வேறு அசைவு செய்யப் பழக்கும் நடத்தைப் பயிற்சி இருக்கிறது. மருந்து அதற்கு அப்புறம்தான். பல குழந்தைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவ முடிவில் தணிந்துவிடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவனுக்குத் தெரியாமல் எடுத்த ஒரு நிமிட வீடியோவைக் கொண்டு போங்கள். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் ஒரு சிமிட்டலும் வராது!