காளிகேசம் ஆய்வுக்கு அனுமதி வராவிட்டால்

சுற்றுலாப் பயணிகள் கூட்டத்தால் குமரி மாவட்டக் காளிகேசத்தில் விலங்குகள் ஒதுங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும், கையில் மூன்றே மாதம், அனுமதி வரவில்லை என்கிறீர்கள். அது சரணாலயக் காடு. 1972 வன உயிரினச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் அனுமதி தரவேண்டும். நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பயனில்லை.

பேசாமல் அதே மாவட்டத்துத் தேரூர் குளத்துக்கு மாறிவிடுங்கள். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த ஈரநிலம், கரையில் நின்றே வேலை பார்க்கலாம். ஒரு கொக்கை நோக்கி மெதுவாக நடங்கள். அது எழும்பும்போது இடைவெளி எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய பறவை கிட்டே விடும், பழகாதது தூரத்திலேயே பறந்துவிடும். சாலையோரம், ஒதுக்குப்புறம் இரண்டிலும் எடுங்கள். ஒரே கொக்கைத் திரும்பத் திரும்பக் கிளப்பாதீர்கள், பாவம். அப்புறம், துறைத்தலைவர் கடிதம் ஒன்றை மாவட்ட வன அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பைனாகுலரோடு நின்றால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.