மாத்திரை கொடுத்தும் பூச்சி போகவில்லையே?

வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு தாய் கேட்கிறார்: "நாலு வயது மகனுக்கு அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ராத்திரியில் பின்பக்கம் சொறிகிறான், பல்லைக் கடிக்கிறான். மாதாமாதம் பூச்சி சிரப்பும் டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார் மெடிக்கல்காரர். கொடுக்கலாமா?"

வேண்டாம். பல் கடிப்பதை விடுங்கள், பூச்சி இல்லாத பிள்ளைகளும் கடிக்கும். சொறிவதுதான் விஷயம். அவன் தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஆசனவாயைப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டு நெளிந்தால் கீரிப்பூச்சி.

அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் நல்ல மருந்துதான். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு வரை பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஒரே வேளைதான். கீரிப்பூச்சிக்கு அது போதாது. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். முட்டை நகத்திலும் போர்வையிலும் இரண்டு மூன்று வாரம்கூடக் கிடக்கும். சொறிந்த விரல் வாய்க்குப் போனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் விழுங்க வேண்டும், பாட்டி உட்பட. கர்ப்பிணியும் ஒரு வயது நிரம்பாத குழந்தையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. அன்றே நகம் வெட்டி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். காலையில் எழுந்ததும் பிள்ளையைக் கழுவிவிடுங்கள்.

சம்பள நாளில் லயத்துக்கே வந்து, பாட்டிலில் ஊறவைத்த புழுவைக் காட்டி 'ரத்த டானிக்' விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். என்னிடம் ஒரு தாய் கொண்டுவந்த பாட்டிலின் லேபிளைப் படித்தேன். சர்க்கரைப் பாகும் கொஞ்சம் இரும்புச் சத்தும்தான். பூச்சி மருந்து ஒரு சொட்டு இல்லை.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இந்த மாத்திரை தரும் குடற்புழு நீக்க நாள் 2015-லிருந்து நடக்கிறது. நாட்டுக்கு பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வைத்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும். கேரளப் பக்கம் குமுளியில் படித்து, லீவுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்துப் பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளை இரண்டு பக்கமும் தவறவிடுவான், இல்லையென்றால் இரண்டு பக்கமும் விழுங்குவான். எங்கே விழுங்கினான் என்பதை அம்மாதான் ஞாபகம் வைக்க வேண்டுமாம்! காலண்டரில் குறித்துவையுங்கள்.

அப்புறம், தேயிலைக் காட்டில் வெறுங்காலோடு திரிகிறானா? கொக்கிப்புழு பெரும்பாலும் கால் தோல் வழியாக ஏறும், உள்ளே போய் ரத்தம் குடிக்கும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.