ஆத்தங்கரை பேஸ்மென்ட் எடுக்கலாமோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே. போன ஐப்பசியில கிளிநொச்சியில இருந்து ஒட்டாவா வந்தனீங்கள், ஆத்துக்கு அங்கால கட்டினோ பக்கம் கரையோட ஒரு பேஸ்மென்ட் மலிவா வருது, வேலையில ஒருத்தர் ஏப்ரல்ல அங்க வெள்ளம் ஏறும் எண்டு பயப்பிடுத்துறார், வீட்டுக்காரர் மேல இவ்வளவு டாம் இருக்கு ஒண்டும் நடக்காது எண்டுறார், ஆர் சொல்லுறது சரி எண்டு.

வேலையில இருக்கிறவர் சொல்லுறதுதான் சரி. எடுக்காதேங்கோ. ஏன் எண்டு கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன், ஏனெண்டால் நானும் வந்த புதுசில டாம் இருந்தா வெள்ளம் வராது எண்டு நினைச்ச ஆள்தான், இஞ்ச வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

எங்கட கிளிநொச்சி இரணைமடுக் குளத்த நினைச்சுப் பாருங்கோ. மாரியில கனகராயன் ஆத்துத் தண்ணி வந்து குளம் நிரம்பும், கூடினா வான் பாயும், பேந்து துருசு திறந்து சிறுபோகத்துக்கு விடுவினம். மழை பெய்யிறதும் குளம் நிரம்புறதும் ஒரே மாசத்தில, கண்ணுக்கு முன்னால நடக்கும். இஞ்ச அது தலைகீழ். மாரிகாலம் முழுக்க விழுறதெல்லாம் ஸ்னோவா காட்டுக்குள்ள அப்பிடியே கிடக்கும், உருகாது, ஓடாது. அந்த நேரம் சனத்துக்கு ஹீட்டருக்குக் கரண்ட் வேணும், அதால மேல இருக்கிற பெரிய குளங்களில இருந்து தண்ணிய விட்டு விட்டு கரண்ட் எடுப்பினம். பங்குனி முடியேக்க குளம் எல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அது வேணுமெண்டே செய்யிறதுதான், உருகி வாறத வாங்கிப் பிடிக்க இடம் வேணுமெல்லோ. காட்டுக்குள்ள ஆக்கள் போய் குழாயை ஸ்னோவுக்குள்ள குத்தி எடுத்து நிறுத்துப் பாப்பினம், இது உருகினா எத்தின மில்லிமீட்டர் தண்ணி எண்டு கணக்கெடுக்க. ஆனா என்ன வேகத்தில உருகும், அதுக்கு மேல எவ்வளவு மழை பெய்யும் எண்டத அந்தக் குழாய் சொல்லாது.

இந்த ஒட்டாவா ஆறு சின்ன ஆறில்ல. எங்கட இலங்கை முழுக்க 65,610 சதுர கிலோமீட்டர், ஒட்டாவா ஆத்துக்குத் தண்ணி வடியிற நிலம் மட்டும் 146,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அதில பெரிய குளங்கள் 13, பஸ்கட்டோங், கபோங்கா, டோசுவா, திமிஸ்கமிங் எண்டு. பஸ்கட்டோங் 1927ல கட்டினது, ஒட்டாவா ஆத்தில வந்து விழுற கட்டினோ ஆத்தில இருக்கு. குளங்கள் கியூபெக் ஹைட்ரோ, ஒன்டாரியோ கரண்ட் கம்பனி, அரசாங்கங்கள் எண்டு பலபேற்ற கையில இருக்கு, இவையள் ஆளாளுக்குத் திறந்து மூடாமல் சேர்ந்து முடிவெடுக்க 1983ல கனடாவும் ஒன்டாரியோவும் கியூபெக்கும் ஒரு போர்ட், அதாவது ஒரு குழு, வச்சவை.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறன். இந்தக் குளங்கள் பெரும்பாலும் வடக்க, தூரத்தில. மொத்த நிலத்தில ஒரு 40 வீதத்துத் தண்ணியத்தான் அதுகளால பிடிக்கேலும். மிச்சம் 60 வீதத்துக்கு முன்னால மறிக்கிற குளமே இல்லை, நேர ஆத்துக்கு வருது. தெற்குப் பக்கம் முதல் சூடேறும், அந்தப் பக்கத்து ஸ்னோதான் முதல் உருகும், அந்தப் பக்கந்தான் குளம் குறைவு. வடக்க உருகிறது பிந்தி. அதால தண்ணி ரெண்டு தரம் ஏறும், முதல்ல தெற்கால வாறது, பிறகு வடக்கால வாறது. போர்ட்காரர் செய்யிறது என்னெண்டால் முதல் ஏத்தம் போகுமட்டும் வடக்குத் தண்ணிய மேல பிடிச்சு வச்சிருக்கிறது. இதில ஒரு சூதாட்டமும் இருக்கு. ஏப்ரல் நடுவில குளத்தக் கெதியா நிரப்பிப் போட்டினம் எண்டால் மே மாசம் பெரிய மழை வந்தா இடமில்லை, நிரப்பாமல் விட்டினம் எண்டால் கீழ உள்ள சனம் இப்பவே தாழும். 2018 மார்கழி இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் போனபோது ஏன் முதலே கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கேல்ல எண்டு எங்கட சனம் கேட்டது ஞாபகமிருக்கோ, அதே கேள்விதான் இஞ்சயும், இங்கிலிஷிலயும் பிரெஞ்சிலயும் கேக்கினம்.

டவுனுக்குக் கிட்ட நீங்கள் பாக்கிற டாம் எல்லாம், ஷோடியேர், கீழ கரியோன், அதெல்லாம் வாற தண்ணியில கரண்ட் எடுத்திட்டு அப்பிடியே கீழ விடுற டாம், பிடிச்சு வைக்கிற டாம் இல்லை. உங்கட வீட்டுக்காரர் எந்த டாமைக் காட்டினவரோ தெரியேல்ல.

2017 மே மாசம் என்ர சிநேகிதர் ஒருத்தற்ற வீட்டில நானே போய் நிண்டனான், புவான்ட் கட்டினோ பக்கம். ஏப்ரல் முழுக்க மழை, நிலம் நனைஞ்சு ஊறிப்போய் இருந்தது, இனி உறிஞ்சாது. மண்மூட்டை அடுக்கச் சொன்னவை, அடுக்கினம், அது எங்களுக்குப் புதுசே, வயசான அம்மா ஒருத்தி பாத்திட்டு "பங்கர் வெட்டேல்லையோ தம்பி" எண்டா, சிரிச்சனாங்கள். வாசலால தண்ணி வரேல்ல தங்கச்சி. பேஸ்மென்ட் நிலத்தில இருக்கிற வடிகால் ஓட்டையால கீழயிருந்து பொங்கிக்கொண்டு வந்தது, ஆத்துத் தண்ணியோட கக்கூஸ் தண்ணியும் சேர்ந்து. ஃப்ரீசர் மீனோட மிதந்தது. இன்சூரன்ஸுக்கு அடிச்சா, ஆத்து வெள்ளத்துக்கு வேற, சாக்கடை திரும்பி வாறதுக்கு வேற, ரெண்டும் நீங்கள் எடுக்கேல்ல எண்டு சொல்லிப்போட்டினம். அவற்ற கல்யாண ஆல்பம் கீழதான் இருந்தது.

அப்ப எல்லாரும் நூறு வருஷத்துக்கு ஒருக்கா வாற வெள்ளம் எண்டவை. ரெண்டே வருஷத்தில, 2019 ஏப்ரல் 25, ஒட்டாவா எமர்ஜென்சி அறிவிச்சது. அதே நாள் ரூஜ் ஆத்தில ஷூட் பெல் டாம் உடையலாம் எண்டு கீழ இருந்த ஆக்கள வெளியேத்தினவை, டாம் தாங்கியிட்டுது. ரெண்டு நாள் கழிச்சு மொன்றியல் பக்கம் சாந்த் மார்த்தில அணை உடைஞ்சு ஆறாயிரம் பேரளவில ராவோட ராவா வெளிக்கிட்டவை. 2023லயும் கட்டினோ கரையில தண்ணி ஏறினது.

டொரொன்டோவில இருக்கிற உங்கட மச்சாளுக்கும் இத ஒருக்காச் சொல்லுங்கோ, எங்களுக்கு என்ன எண்டு அவையள் நினைக்கக்கூடாது. 2017ல ஒட்டாவா ஆறு மொன்றியலுக்குப் பெருக்கெடுத்துப் போகேக்க, ரெண்டு தண்ணியும் சேர்ந்தா அங்க தாங்காது எண்டு கோர்ன்வால் டாமில ஒன்டாரியோ வாவித் தண்ணிய வெளிய விடுறதக் குறைச்சவை. வாவி 75.88 மீட்டருக்கு ஏறி டொரொன்டோ தீவுப் பார்க்கை ஆடி மாசக் கடைசி மட்டும் பூட்டி வச்சவை. எங்கட ஆறு கூடினா உங்கட வாவியும் கூடும். அந்த வருஷம் தை மாசந்தான் வாவித் தண்ணிய எப்ப எவ்வளவு விடுறது எண்ட புதுத் திட்டம் ஒண்டு தொடங்கினது, சனம் முழுப் பழியையும் அதில போட்டது. எனக்கு அது சரியாப் படேல்ல, அவ்வளவு மழைக்கு எந்தத் திட்டமும் தாங்கியிராது.

சரி, இப்ப செய்யவேண்டியது. எந்த வீடு பாத்தாலும் 2017, 2019, 2023 மூண்டிலயும் தண்ணி வந்ததோ எண்டு நேர கேளுங்கோ, வீட்டுக்காரரிட்ட இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிட்ட. சிட்டியில வெள்ள மேப் இருக்கு. சம்ப் பம்ப், அதுதான் பேஸ்மென்டில ஊறுற தண்ணிய வெளிய இறைக்கிற பம்ப், இருக்கோ, சாக்கடைக் குழாயில தண்ணி திரும்பாத வால்வ் பூட்டியிருக்கோ எண்டு பாருங்கோ. வாடகைக்காரருக்கான இன்சூரன்ஸில நான் சொன்ன ரெண்டு வெள்ளமும் எழுத்தில இருக்கோ எண்டு வாசியுங்கோ, "எல்லாம் கவர்" எண்டு வாயால சொன்னா நம்பாதேங்கோ. ஏப்ரல்ல ரா குளிர் சைபருக்குக் கீழ போனா சந்தோசப்படுங்கோ, உருக்கம் மெதுவாகும். ராவும் பகலும் சூடா இருந்து அதுக்கு மேல மழையும் பெய்தா, போர்ட்காரர் ஒவ்வொரு நாளும் போடுற தண்ணி மட்டத்தப் பாருங்கோ, பிரிட்டானியா, கட்டினோ எண்டு இடம் இடமாப் போடுவினம்.

இன்னொண்டு, மாசி பங்குனியில டவுன் பக்கம் டமார் எண்டு வெடிச்சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழ ஓடாதேங்கோ, நான் முதல் வருஷம் ஓடினனான். ரிடோ ஆத்துப் பனிக்கட்டியை டைனமைட் வச்சு உடைக்கினம், ஐஸ் மறிச்சு வெள்ளம் ஏறாமல் இருக்க, நூறு வருஷத்துக்கு மேலயா செய்யினம்.

பார்ஹேவன் பக்கம் எங்கட ஆக்கள் ஒருத்தற்ற வீட்டில மேல்மாடி சித்திரையில காலியாகுது எண்டு கேள்வி. வாடகை நூறு டொலர் கூட வரும். மனுசியக் கேட்டு உங்களுக்கு நம்பர் அனுப்புறன், அந்தப் பேஸ்மென்டுக்கு அட்வான்ஸ் குடுத்திடாதேங்கோ.